தகரக்குழலும் அதன் விலையும்

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அரண்மனைகளையும் கோயில்களையும் அரங்குகளையுமே நாடிச் சென்றனர். கடைத்தெருவை நாடியோர் மிகச் சிலரே. ஆயின், ஒரு கருவி யார் கைக்கு எட்டும், யார் கைக்கு எட்டாது என்பதை முதற்கண் முடிவு செய்வது கடைக்காரர் சொல்லும் விலையே அன்றோ? விலையையே தன் பெயராகவும் கொண்ட கருவி ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதனைப் 'பென்னி விசில்' என்றனர். செய்பொருள் நோக்கி 'டின் விசில்' என்றும் வழங்கினர். நாம் அதனைத் தகரக்குழல் எனலாம். அதன் வரலாற்றை விலையின் வழிநின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் அறிந்த புல்லாங்குழல் பக்கவாட்டில் பிடித்து ஊதப்படுவது. அதில் காற்றை ஒழுங்குபடுத்துவது ஊதுவோரின் உதடு; அப்பழக்கம் கைவர நாளாகும். தகரக்குழலோ நேராகப் பிடித்து நுனியில் ஊதப்படுவது. அதன் வாய்ப்பகுதியில் பொருத்தப்பட்ட கட்டை, காற்றை ஒடுங்கிய வழியொன்றில் செலுத்தி எதிரிலுள்ள கூரிய விளிம்பின்மீது மோதச் செய்கிறது. அம்மோதலில் ஒலி பிறக்கிறது. ஆகவே, முதன்முறை ஊதும் சிறுவனுக்கும் ஓசை கிட்டிவிடும். பள்ளிப் பிள்ளைகள் பலர் அறிந்த ரெக்கார்டரும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆயினும், ரெக்கார்டருக்குத் துளைகள் எட்டு, தகரக்குழலுக்கு ஆறு. மென்மையாக ஊதினால் கீழ் ஸ்தாயியும் சற்று அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயியும் அதே துளைகளில் ஒலிக்கும். இவ்வெளிமையே அதன் விலை தாழ்ந்திருத்தற்கு முதற் காரணம்.

இவ்வகைக் குழல்கள் எலும்பிலும் மரத்திலும் நெடுங்காலமாக இருந்துவந்தன. அதனைத் தகட்டில் செய்து பெருவாரியாக விற்றவர் இராபர்ட் கிளார்க் என்னும் ஆங்கிலேயர். அவர் சஃபோக் மாவட்டத்தில் கோனி வெஸ்டன் என்னும் சிற்றூரில் பண்ணைக் கூலியாக இருந்தவர். தம்மிடமிருந்த மரக்குழல் ஒன்றைப் பார்த்து, அதனை வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டால் செய்ய முனைந்தார். தகட்டை வெட்டிக் கூம்புபோல் சுருட்டி, வாய்ப்பகுதியில் சிறு மரக்கட்டை ஒன்றைச் செருகினார், குழல் ஆயத்தமாயிற்று. 1843ஆம் ஆண்டில் கருவிகளைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு, மகனுடன் மான்செஸ்டர் நோக்கி நடந்தார் என்றும், வழியிலுள்ள சந்தைகளில் குழல்களைச் செய்து விற்றவாறே சென்றார் என்றும் கூறுவர். மான்செஸ்டரில் அவர் தொழில் தழைத்தது. முதுமையில் சொந்த ஊருக்கே திரும்பி 1882இல் மறைந்தார்.

அவர் தேர்ந்த செய்பொருளை நாம் எளிதில் கடந்துபோதல் இயலாது. தகட்டின்மீது பூசப்படும் வெள்ளீயம் இந்நாட்டு மண்ணோடும் உறவுடையது. கிளார்க்கின் தொழில் தொடங்கிய சில பத்தாண்டுகளில் பேராக் மாநிலத்து லாருட், கிந்தா வட்டாரங்களின் ஈயச் சுரங்கங்கள் பெருகின. அந்நூற்றாண்டு முடிவதற்குள் உலகின் வெள்ளீயத்தில் ஏறக்குறையப் பாதி மலாயாவிலிருந்தே சென்றது. பிரித்தானியத் தகட்டு ஆலைகள் அதனை வாங்கிய பெருங்கொள்முதலாளர்கள்.

இனி, ஒரு பென்னி என்பது எவ்வளவு எனக் காண்போம். அன்று 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 1850ஆம் ஆண்டையொட்டிச் சஃபோக்கில் பண்ணைக் கூலி வாரம் 7 ஷில்லிங் அளவே இருந்தது. அஃதாவது, 84 பென்னி. ஆறு நாள் உழைப்புக்கு இதனைப் பகுத்தால் நாட்கூலி 14 பென்னியாகும். எனவே, ஒரு பென்னிக் குழலை வாங்கியவர் ஒரு நாள் உழைப்பில் பதினான்கில் ஒரு பங்கையே அதற்கு ஈந்தார். வயலினையோ பியானோவையோ கனவிலும் எண்ணவியலாத உழவர் வீட்டுக்குள் இசை நுழைந்த வாயில் இதுவே.

மான்செஸ்டரிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் கால்வாய்களிலும் இருப்புப் பாதைகளிலும் உழைத்த அயர்லாந்துத் தொழிலாளர் பலர். அவர்கள் வழியாகக் குழல் அயர்லாந்து சென்றது என்பது வழிவழி வந்த செய்தி. அங்கு அது விளையாட்டுப் பொருளாக நின்றுவிடவில்லை. தலைமுறை தலைமுறையாகச் செவிவழி கற்ற நாட்டுப்புறப் பாடல்களுக்கு அது உரிய கருவியாயிற்று. 1962இல் தோன்றிய 'சீஃப்டன்ஸ்' குழுவினர் அதனை உலக அரங்குகளில் ஒலிக்கச் செய்தனர். 1979இல் மேரி பெர்கின் என்னும் பெண்மணி வெளியிட்ட இசைத்தட்டு, இச்சிறு குழலின் ஆற்றலுக்குச் சான்றாக இன்றும் போற்றப்படுகிறது. டப்ளினில் 1978 முதல் 'ஃபேடோக்' என்னும் பெயரில் குழல்கள் செய்யப்பட்டன. அயர்லாந்து மொழியில் அச்சொல்லுக்கு ஊதல் என்றே பொருள்.

மலிவு விலை தந்த வாய்ப்பினைக் கண்டோம். அதன் மறுபக்கத்தைத் தென்னாப்பிரிக்காவில் காணலாம். 1948இல் நிறவெறி அரசு அமைந்தபின், ஜொகானஸ்பர்க் நகரத் தெருக்களில் கறுப்பினச் சிறுவர்கள் தகரக்குழல் ஊதிக் காசு சேர்த்தனர். அமெரிக்க ஜாஸ் இசையைக் கேட்டு, தம் மரபிசையுடன் இணைத்து அவர்கள் உருவாக்கியது 'குவேலா' என்னும் புதிய இசை. சூலு மொழியில் 'ஏறு' எனப் பொருள்படும் அச்சொல், மக்களைப் பிடித்தேற்றிச் சென்ற காவல் வண்டிக்கும் பெயராக வழங்கியது. ஸ்போக்ஸ் மஷியானே 1954இல் பதிவு செய்த இசைத்தட்டு பெருவெற்றி பெற்றது. 1958இல் 'டாம் ஹார்க்' என்னும் குவேலா இசைத்தட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை உயர்ந்தது. ஆயினும், அதனை ஊதிய இளைஞர்கள் பெற்றது சிறு கூலியே என்பர். கருவி மலிவானது; ஆகவே கலைஞரும் மலிவானவரே எனக் கணக்கிட்ட சந்தை அது. பென்னி விலை, ஏழைக்குக் கதவைத் திறந்துவிட்டது. திறந்த கதவின் உள்ளே அவருக்கு உரிய இருக்கையை அதனால் தர இயலவில்லை.

இவ்வரலாற்றை அறிந்தபின், மாணவர்க்கெனக் குழல் வாங்கப் புகும் ஆசிரியர் விலையை எவ்வாறு ஒப்பிடுதல் வேண்டும்? ஆலைகளில் செய்யப்படும் எளிய குழல்கள் இன்றும் ஏறத்தாழ 10 பவுண்டுக்குக் கிடைக்கின்றன. கைவினைஞர் ஒவ்வொன்றாகக் கடைந்தெடுக்கும் குழல்களோ அதனினும் பன்மடங்கு விலையுடையன. இவ்வேறுபாடு வெறும் பெயருக்காக அன்று. ஆலைக்குழல்களில் ஒரே பெயர், ஒரே வடிவு கொண்ட இரண்டு ஒரே தரத்தில் ஒலிப்பதில்லை. வாய்ப்பகுதி மயிரிழை பிறழ்ந்தாலும் மேல் ஸ்தாயி கிறீச்சிடும். கைவினைஞர் அப்பிறழ்ச்சியைத் தம் செவியாலும் கையாலும் திருத்துகிறார்; நாம் கூடுதலாகக் கொடுப்பது அவ்வுழைப்பிற்கான கூலி. ஆகவே, மலிவான குழலை வாங்குவோர் விலைச்சீட்டை ஒப்பிட்டதோடு அமையாது, நான்கைந்தை ஊதிப் பார்த்துத் தேர்தல் வேண்டும். வகுப்பு முழுமைக்கும் வாங்கும்போது எல்லாம் ஒரே சுருதியினவாக இருத்தலும் இன்றியமையாதது. தொடங்குவோர்க்குப் பெரிதும் பரிந்துரைக்கப்படுவது 'டி' சுருதிக் குழல். சில காசு குறைவென்று வேறு சுருதியில் வாங்கிவிட்டால், நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து ஒரு பாடலை வாசித்தல் அரிது.

விலையையும் மதிப்பையும் வேறாகக் காணும் நெறி நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், குழல் செய்தற்குரிய பொருள்களாக மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகியவற்றைக் கூறுகிறார். அவற்றுள் அவர் தலையாயதாக வைத்தது சந்தனத்தை அன்று. புதர்தோறும் வளரும் மூங்கிலையே. வெண்கலத்திற்கு இரண்டாம் இடமே தந்தார். கடைத்தெருவில் சந்தனத்தின் விலை யாது என்பதை அவர் அறியாதவர் அல்லர். எனினும் அவர் தராசு வேறு.

அத்தராசினை நம் மாணவர் கையிலும் தருதல் வேண்டும். குழலொன்றின் விலையைக் கேட்கும் மாணவன், அதனைச் செய்தவர் பெற்ற கூலி எவ்வளவு, அதனை ஊதியவர் பெற்ற கூலி எவ்வளவு என்றும் கேட்கப் பழகுவானாயின், ஒரு பென்னிக் குழலிலிருந்து அவன் கற்றது இசையோடு நில்லாது.