கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்: ஒரு கையொப்பத்துக்குப் பின்னால் உள்ள வரலாறு



தரம் 6 மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி என்று அறிவித்தல் போனால், சில சம்மதப் படிவங்கள் கையொப்பம் இல்லாமலே எங்கள் மேசைக்குத் திரும்பி வருகின்றன. "நாளைக்குப் பிள்ளை கிடைக்காமப் போகுமாமே டீச்சர்" என்று உம்மாமார் பாடசாலை வாசலில் நின்று கேட்கிறார்கள். அந்தப் பயத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. அப்படி நடக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்வதோடு, இந்த ஊசி வந்த வரலாற்றையும் சொல்ல நினைத்தோம்.

1928இல் அமெரிக்காவில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் ஜோர்ஜ் பப்பனிக்கொலாவ், யோனித் திரவத்தில் இருந்து எடுத்த கலங்களிலேயே கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் காணலாம் என்றார். அன்று பலரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. 1943இல் அவரது நூல் வெளிவந்த பிறகே பெப் பரிசோதனை உலகெங்கும் பரவியது.

1951இல் ஐந்து பிள்ளைகளின் தாயான ஹென்ரியேட்டா லக்ஸ் இதே நோயால் 31 வயதில் இறந்தார். அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்ட கலங்கள் ஆய்வுகூடங்களில் இன்றும் வளர்கின்றன. 1983, 1984ஆம் ஆண்டுகளில் ஜேர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனின் குழு, எச்.பி.வி. 16, 18 ஆகிய வைரசு வகைகளை இந்நோயில் கண்டுபிடித்தது. லக்ஸின் கலங்களிலும் 18ஆம் வகை இருந்தது. சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வைரசு மிகப் பலருக்குத் தொற்றுகிறது. பெரும்பாலோரின் உடல் ஓரிரு வருடங்களில் அதை விரட்டிவிடும். பிறகு ஏன் சிலருக்கு மட்டும் புற்றுநோய்?

எங்கள் பாடப்புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் முக்கியமான சில பக்கங்களை யாரோ பின் அடித்து மூடிவிட்டார்கள். பிள்ளையால் அந்தப் பாடத்தை வாசிக்க முடியாது. கலத்துக்குள்ளும் இப்படி நடக்கிறது. மரபணுவின் எழுத்து மாறாமலே, மெதைல் என்ற சிறு இரசாயனக் கூறு அதில் ஒட்டி, கட்டுப்பாடற்ற வளர்ச்சியைத் தடுக்கும் மரபணுக்களை மூடிவிடுகிறது. இதுவே எபிஜெனெடிக் மாற்றம். தங்கிவிட்ட வைரசின் ஈ6, ஈ7 என்ற புரதங்கள் ஒரு பக்கம் கலத்தின் காவற்காரப் புரதங்களை முடக்குகின்றன. மறுபக்கம் இந்தப் பக்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்படவும் துணைபோகின்றன. இது ஒரு நாளில் முடிவதில்லை. பெரும்பாலும் பத்து, இருபது வருடங்கள் எடுக்கும். அந்த நீண்ட காலம்தான் அல்லாஹ் எங்களுக்குத் தந்திருக்கும் அவகாசம்.

அந்த அவகாசத்தைப் பயன்படுத்தினால் என்ன நடக்கும்? தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு வினாகிரி அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையைச் செய்தார்கள். மாற்றம் தெரிந்தவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்தார்கள். இந்நோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் முடிவு வெளியானது. அவர்களும் எங்களைப் போன்ற கிராமத்துப் பெண்கள்தான்.

எங்கள் நாட்டில் 1996 முதல் வெல் வுமன் கிளினிக் நடக்கிறது. 35 வயதுப் பெண்களுக்கு பெப் பரிசோதனை இலவசம். 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு இந்த ஊசி, அதுவும் இலவசம்.

ஆனாலும் வெட்கம் எங்களைத் தடுக்கிறது. எங்கள் குடும்பத்தில் ஒரு சாச்சி, மாதவிடாய் நின்ற பிறகு வந்த இரத்தப்போக்கை ஒரு வருடம் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னபோது காலம் கடந்திருந்தது. அவரது மௌத்துக்குப் பிறகுதான் எங்கள் ராத்தாமார் கிளினிக்கின் வாசலை மிதித்தார்கள்.

உம்மாமாரே, பிள்ளையின் படிவத்தில் கையொப்பமிடுங்கள். உங்களுக்கு 35 வயதாகிவிட்டதென்றால், உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கிளினிக் நாளைக் கேளுங்கள். வாப்பாமாரே, அன்று அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சந்தேகம் இருந்தால் பாடசாலைக்கு வாருங்கள், இருந்து பேசுவோம்.