தோம்பும் கூப்பனும்

அரசாங்கம் ஒரு மனிதனுடைய பெயரை ஏட்டிலே எழுதுவது இரண்டு காரியங்களுக்காக. ஒன்று, அவனிடமிருந்து எதையேனும் வாங்குவதற்கு. மற்றொன்று, அவனுக்கு எதையேனும் கொடுப்பதற்கு. வாங்குவதற்காக எழுதப்பட்ட ஏடுகள் எல்லா நாடுகளிலும் உண்டு. கொடுப்பதற்காக எழுதப்பட்டவை அரிது. பழைய உரோமாபுரியில் இலவசத் தானியம் பெறுவோர் பட்டியல் ஒன்று இருந்தது. யூலியஸ் சீசர் வீதி வீதியாக, வீட்டுச் சொந்தக்காரரைக் கொண்டு கணக்கெடுப்பித்து, அப்பட்டியலில் இருந்த 320,000 பேரை 150,000 பேராகக் குறைத்தான் என்று வரலாறு கூறும். பெயரை எழுதுவது எத்துணைப் பெரிய அதிகாரமோ, எழுதிய பெயரை வெட்டுவதும் அத்துணைப் பெரிய அதிகாரம் என்பதை அந்நிகழ்ச்சி அன்றே காட்டிற்று.

இலங்கையில், உணவு பெறுதற்கு உரியவர் இன்னார் என்று வீடுதோறும் எழுதிவைக்கும் ஏடு நாடு முழுவதற்குமாகத் தோன்றியது 1942ஆம் ஆண்டிலேயாகும். அவ்வேட்டின் கதையை யாழ்ப்பாணத் தீவகத்தின் சிறிய ஊர்களுள் ஒன்றாகிய எழுவைதீவில் நின்று நோக்குவது பயன் தரும். பெரும் பட்டினத்திலே கூட்டத்தோடு கூட்டமாய் மறைந்துபோகும் பிழைகள் சிறிய தீவிலே மறைய இடமில்லை.

எழுவைதீவு, ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிச் செல்லவேண்டிய தீவு. பனையும் கடலுமே அதன் செல்வம். நெல்வயலை நம்பி வாழத்தக்க நிலமன்று. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை 1658ஆம் ஆண்டிற் கைப்பற்றிய பின்னர், தீவகத்தின் ஒவ்வொரு தீவுக்கும் தம் நாட்டு ஊர்களின் பெயரை இட்டனர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆனது; அனலைதீவு ரொட்டடாம் ஆனது; எழுவைதீவுக்குக் கோர்ண் என்று பெயர் வைத்தனர். நெடுந்தீவுக்கு இட்ட பெயர் ஒன்றே இன்றும் வழக்கிலுள்ளது. ஏனையவை ஏட்டோடு நின்றுவிட்டன.

ஒல்லாந்தர் ஏடெழுதுவதில் வல்லவர். போர்த்துக்கேயர் தொடங்கிவைத்த தோம்பு என்னும் பதிவை அவர்கள் விரித்து எழுதினர். காணித் தோம்பிலே நிலமும், தலைத் தோம்பிலே ஆட்களும் பதியப்பட்டனர். தலைவரி எவரிடம் அறவிடுவது, ஊழியம் எவரிடம் கொள்வது என்பவற்றை அறியவே தலைத்தோம்பு பயன்பட்டது. இவற்றைவிடப் பள்ளித் தோம்பு என ஒன்றும் இருந்தது. திருமுழுக்கையும் திருமணத்தையும் பள்ளி ஆசிரியர்களே அதிற் பதிந்து வந்தனர்.

பிரித்தானியர் காலத்திலும் ஏட்டின் இயல்பு மாறவில்லை. 1848ஆம் ஆண்டு வீதிச் சட்டம், பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வயது வரையுள்ள ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. அதற்கும் பெயர்ப் பட்டியல் வேண்டியிருந்தது. அப்பட்டியலில் கைம்பெண்ணுக்கு இடமில்லை, கிழவிக்கு இடமில்லை, தொட்டிற் குழந்தைக்கு இடமில்லை. உழைக்கும் உடலைத் தேடிய ஏடு, உண்ணும் வாயைத் தேடவில்லை.

அந்த வழக்கத்தை மாற்றியது போர். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இலங்கை மக்கள் உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடல் கடந்து வந்தது. பர்மாவே அதன் தலையாய களஞ்சியம். 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் யப்பானியர் ரங்கூனைக் கைப்பற்றினர். ஏப்பிரல் 5ஆம் திகதி கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. அரிசிக் கப்பல் வரவு குன்றியது. காசுள்ளவன் வாங்கிக் குவிக்க, காசில்லாதவன் பட்டினி கிடக்கும் நிலை வாராமற் காத்தற்கு, ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. இவ்வாறு பிறந்ததே அரிசிப் பங்கீடு. கூப்பன் புத்தகம் என்று மக்கள் வாயில் வழங்கிய சிறு புத்தகம் ஒவ்வொருவர் பெயரிலும் வழங்கப்பட்டது.

அப்புத்தகத்தின் சிறப்பு அது கேட்ட கேள்வியிலே இருந்தது. வீட்டில் உள்ளவர் எத்தனை பேர், அவர்கள் யார், வயது என்ன என்பனவே அக்கேள்விகள். எவ்வளவு உழைக்கிறாய் என்றோ, எவ்வளவு காணி உண்டு என்றோ அது பொதுவாகக் கேட்கவில்லை. தொடக்க காலத்தில் வயதுக்கும் உடலுழைப்புக்கும் ஏற்ப அளவு வேறுபட்டதுண்டு; ஆயினும் பெயரில்லாதவர் என எவரும் விடப்படவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் குடியுரிமை இழந்த மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரும் பங்கீட்டரிசியை இழக்கவில்லை. நாடு தன் மக்கள் என ஏற்க மறுத்தவரையும், உண்ணும் வாய் என்ற அளவில் அந்த ஏடு ஏற்றுக்கொண்டது.

இதே காலத்தில் பிரித்தானியாவிலும் பங்கீட்டுப் புத்தகங்கள் வழங்கின. அங்கே கருவுற்ற தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் பச்சை நிறப் புத்தகம் தனியாக இருந்தது. பாலும் பழச்சாறும் மீனெண்ணெயும் அவர்களுக்கு முதலில் சேர்ந்தன. புத்தகத்தின் நிறத்தைக் கண்டதும் கடைக்காரன் செய்யவேண்டியது யாதென அறிந்தான். ஆராய்ச்சியும் விசாரணையும் வேண்டியிருக்கவில்லை.

ஏட்டை எழுதுவோர் யார்? யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் விதானையார் இருந்தார். குடும்பப் பட்டியலுக்கு அவருடைய சான்று வேண்டும். குழந்தை பிறந்தால் பெயர் சேர்த்தல் வேண்டும். முதியவர் இறந்தால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். பெண் மணமுடித்து வேற்றூர் சென்றால் பெயர் அவ்வூருக்கு மாறுதல் வேண்டும். எழுவைதீவு போன்ற ஊரில் இம்மூன்றுக்கும் இடையே கடல் கிடந்தது. சோளகக் காற்று மூண்டெழும் நாளில் படகு புறப்படாது. படகு புறப்படாவிடின் கடிதமும் புறப்படாது. பெயர் பதியத் தாமதிக்கும் வாரம் ஒவ்வொன்றும் அந்த வீட்டுப் பானையிலே ஒரு குறைவு. அக்குறைவை ஒடியல் மாவும் கூழும் மீனும் ஒருவாறு நிரப்பின.

குறைகள் இல்லாமலுமில்லை. இறந்தவரின் புத்தகம் உடனே திரும்பாதிருத்தல், இடம் மாறியவர் இரண்டு ஊர்களிலும் பெயருடையராதல் முதலியன இவ்வகை ஏடுகள் யாவற்றுக்கும் பொதுவான நோய்கள். எனினும் அவை கண்டுபிடிக்கத்தக்க நோய்கள். சிறிய தீவில் யார் இறந்தார் என்பது ஊரறிந்த செய்தி. பொய்யெழுதினால் அயலவர் கண்ணே சாட்சி. எண்ணிக்கையைப் பற்றிய பொய் நெடுநாள் நில்லாது.

நிருவாகமும் காலத்துக்கேற்ப மாறியது. 1957ஆம் ஆண்டிலே பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றி, சங்கக் கடைகள் வழியாகப் பங்கீட்டரிசி ஊர்களைச் சென்றடைந்தது. 1963ஆம் ஆண்டிலே விதானை முறை ஒழிந்து, கிராம சேவகர் அவ்விடத்துக்கு வந்தார். பரம்பரைச் செல்வாக்கினாற் பதவி பெற்றவர் இருந்த இடத்திலே, பரீட்சை எழுதி வந்த உத்தியோகத்தர் அமர்ந்தார்.

அரசியலும் இந்தச் சிறு புத்தகத்தைச் சுற்றியே சுழன்றது. 1953ஆம் ஆண்டு யூலை மாதத்திற் கொத்தரிசியின் விலை இருபத்தைந்து சதத்திலிருந்து எழுபது சதமாக உயர்த்தப்பட்டது. ஆகத்து 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அவரே மீண்டும் பிரதமராயிருந்த 1966ஆம் ஆண்டின் இறுதியில், வாரத்துக்கு இரண்டு கொத்தாக இருந்த பங்கு ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டு, அந்த ஒன்று இலவசமாக்கப்பட்டது. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் இழந்த இரண்டாவது கொத்தே பெரும் பேச்சாயிற்று. விலை ஏறியது, இறங்கியது; அளவு கூடியது, குறைந்தது. ஆயினும் ஏடு கேட்ட கேள்வி மட்டும் மாறவில்லை.

அக்கேள்வி மாறியது 1978ஆம் ஆண்டிலே. அரிசி மானியம் அரசாங்கச் செலவில் பெரும்பங்கை விழுங்குகின்றது. மாளிகையில் வாழ்பவனும் குடிசையில் வாழ்பவனும் ஒரே அளவு பெறுவது முறையோ என்ற வாதம் எழுந்தது. அவ்வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. மாத வருமானம் முந்நூறு ரூபாவுக்கு மேற்பட்ட குடும்பங்கள் பங்கீட்டிலிருந்து நீக்கப்பட்டன. மறு ஆண்டு செத்தெம்பரில் பங்கீட்டு அரிசியே நின்று, உணவு முத்திரை வந்தது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் இருபத்தைந்து ரூபா, எட்டு முதல் பன்னிரண்டு வரை இருபது ரூபா, அதற்கு மேல் பதினைந்து ரூபா என முத்திரையின் பெறுமதி வகுக்கப்பட்டது. நாட்டு மக்களில் ஏறத்தாழ அரைப்பங்கினர் அதற்குரியவராயினர்.

எத்தனை பேர் என்ற கேள்வி போய், எவ்வளவு வருமானம் என்ற கேள்வி வந்தது. இதற்கு விடையை யார் அறிவார்? கடற்றொழிலாளி ஒருவனின் மாத வருமானம் யாது? வலை நிறைந்த நாளும் உண்டு, வெறும் வலை இழுத்த நாளும் உண்டு. பனையிலிருந்து வரும் வருவாயும் பருவத்தோடு வந்து பருவத்தோடு போவது. மெய்யாகவே கணக்குச் சொல்ல விரும்புபவனுக்கும் சொல்ல இயலாது. அவன் சொன்னதை எழுதும் உத்தியோகத்தருக்கும் அதனைச் சரிபார்க்க வழியில்லை. ஆதலின் ஏடு, அறியமுடியாத ஒன்றை அறிந்ததாக எழுதவேண்டியதாயிற்று.

மலைநாட்டிலோ இதற்கு மறுதலையான துன்பம் நிகழ்ந்தது. தோட்டத் தொழிலாளியின் ஒவ்வொரு நாட் கூலியும் செக்ரோலிலே பதிவானது. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை ஆகிய அனைவரின் கூலியையும் கூட்டினால் எல்லையைத் தாண்டிவிடும். மறைக்க அவர்களுக்கு வழியில்லை. ஆதலின் ஏழைகளாயிருந்தும் தோட்டக் குடும்பங்கள் பல உணவு முத்திரைக்கு வெளியே நின்றன. கணக்கில் எழுதப்பட்ட ஏழை தள்ளப்பட்டான். கணக்கில் அகப்படாதவன் உள்ளே இருந்தான்.

இன்னும் ஒரு துன்பம் உண்டு. 1980ஆம் ஆண்டின் பின் சில காலம் புதிய பெயர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. செலவைக் கட்டுப்படுத்த அது எளிய வழி. ஆனால் புதிய பெயர் என்பது பெரும்பாலும் யாருடைய பெயர்? புதிதாய்ப் பிறந்த குழந்தையின் பெயரன்றோ! மிகக் கூடிய பெறுமதி எந்த வயதினருக்கு வகுக்கப்பட்டதோ, அவ்வயதிற் புகுவோருக்கே கதவு அடைக்கப்பட்டது. விலைவாசி ஏற, ரூபாவில் எழுதிய முத்திரையின் பெறுமதி சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ அரைவாசியாயிற்று. கொத்தினால் அளந்த காலத்தில் விலை உயர்ந்தாலும் கொத்து கொத்தாகவே இருந்தது.

இதற்கிடையில், 1973ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட திரிபோஷாத் திட்டம் வேறொரு வழியைக் காட்டியது. கருவுற்ற தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் வழங்கும் சத்துமா அது. அதற்குரிய பிள்ளையைக் கண்டறிய மருத்துவ மாது தராசைப் பயன்படுத்தினார். பிள்ளையின் நிறை மாதந்தோறும் அட்டையிலே புள்ளியாக இடப்பட்டது; புள்ளிகளை இணைக்கும் கோடு தாழ்ந்தால் பிள்ளைக்கு உணவு போதவில்லை என்பது தெளிவு. தந்தையின் வருமானத்தைப் பற்றித் தராசு கேட்பதில்லை. தாயும் அந்தக் கோட்டைத் தன் கண்ணாலே காணலாம். ஏடு எழுதுவோரும் எழுதப்படுவோரும் ஒருங்கே வாசிக்கத்தக்க பதிவு அது.

பின்னர் வந்தது போர்க்காலம். 1990ஆம் ஆண்டு முதலாகத் தீவகத்து மக்களிற் பெரும்பகுதியினர் தம் ஊர்களை விட்டு இடம்பெயர்ந்தனர். வீடு, தோணி, வலை யாவும் பின்னே கிடக்க, குடும்ப அட்டையைக் கையில் எடுத்துச் சென்றவர்கள் பலர். உலர் உணவு நிவாரணம் பெறுவதற்கு, இன்ன ஊரைச் சேர்ந்த இத்தனை பேர் என்ற சான்று வேண்டியிருந்தது. அழிவின் நடுவே பழைய கேள்வியே திரும்பி வந்தது: எத்தனை வாய்?

1989ஆம் ஆண்டில் ஜனசவியவும், 1995ஆம் ஆண்டிற் சமுர்த்தியும், 2023ஆம் ஆண்டில் அஸ்வெசுமவும் வந்தன. அஸ்வெசும வருமானம் ஒன்றையே கேளாமல், வீடு, கல்வி, உடல்நலம், உடைமை முதலியன பற்றி இருபத்திரண்டு குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களை நான்கு வகையாகப் பிரிக்கின்றது. கணினி புள்ளியிட்டுத் தெரிவு செய்கின்றது. முதற் பட்டியல் வெளியானபோது இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் எழுந்தன. கேள்விகள் பெருகின, ஆயின், ஒரு பெயர் ஏன் சேர்ந்தது, மற்றொரு பெயர் ஏன் விடுபட்டது என்பதை அயல்வீட்டார்க்கு விளக்குவது அரிதாயிற்று.

பழைய பங்கீட்டு முறையை அப்படியே மீட்டல் வேண்டும் என்று கொள்வதற்கில்லை. அதன் செலவு பெரிது. உள்ளவனுக்கும் அது கொடுத்தது. ஆயினும் அது கற்பித்த பாடம் பழையதாகவில்லை. உணவுக்குரியவர் ஏட்டிலே கேட்கப்படும் கேள்வி, எழுதுபவர் மெய்யாக விடை காணத்தக்கதாயிருத்தல் வேண்டும். எழுதப்பட்ட விடையை எழுதப்பட்டவர் தாமே வாசித்துத் திருத்தக் கூடியதாயிருத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிறப்பு நிகழும் வேகத்தில் அந்த ஏடும் நடத்தல் வேண்டும். வரி ஏட்டில் ஒரு பெயர் ஓராண்டு பிந்தினால் அரசாங்கத்துக்குச் சில ரூபா நட்டம். உணவேட்டில் ஒரு பெயர் ஓராண்டு பிந்தினால் ஒரு குழந்தையின் முதலாம் ஆண்டு போய்விடும். அந்த ஆண்டை எந்த மேன்முறையீட்டினாலும் திரும்பப் பெற முடியாது.