வசனம் வீட்டுக்குள் வந்த வரலாறு

‘வசனம்’ என்னும் சொல் தமிழில் பேச்சையும் உரைநடையையும் குறித்தது. திரைப்படம் வந்த பிறகு நடிகர்கள் பேசும் உரையாடலுக்கும் அதுவே பெயராயிற்று. தமிழ்க் கிறிஸ்தவர்களின் வழக்கில் மட்டும் அதற்கு இன்னொரு பொருள் நிலைபெற்றது. வேதாகமத்தின் அதிகாரங்கள் எண்ணிட்டுப் பகுக்கப்பட்ட சிறு கூறுகளில் ஒன்றே அவர்களுக்கு வசனமாகும். பாரிசில் அச்சகம் நடத்திப் பின்னர் ஜெனீவாவுக்குக் குடிபெயர்ந்த ராபர்ட் எஸ்தியன் 1551இல் புதிய ஏற்பாட்டை இவ்வாறு எண்ணிட்டு வெளியிட்டபோது, ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டுவதற்கான வசதியாகவே அது இருந்தது. ஆனால் ஒரு முழு நூலைச் சிறு துண்டுகளாக்கி, அவற்றை மனத்திலும் சுவரிலும் கல்லறையிலும் பதித்துக்கொள்ளும் பழக்கத்துக்கு அந்த எண்களே வழி திறந்தன. அப்பழக்கம் தமிழ் வீடுகளுக்குள் வந்த வரலாறு, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக நடந்த மொழிபெயர்ப்புச் சண்டைகளின் வரலாறாகவும் அமைந்திருக்கிறது.

தமிழில் கிறிஸ்தவ அச்சுநூல்கள் தோன்றியது 16ஆம் நூற்றாண்டிலாகும். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி அன்றீக் அன்றீக்கசின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. எனினும் அது மந்திரங்களையும் அடிப்படைப் போதனைகளையும் கொண்ட சிறு நூலே தவிர வேதாகமம் அன்று. அக்காலக் கத்தோலிக்கத் திருச்சபை செபத்தையும் புனிதர் சரிதத்தையும் திருவிழாவையும் மக்கள் கையில் கொடுத்தது. வேதத்தை விளக்கும் பொறுப்பைக் குருவிடமே விட்டு வைத்தது. இதற்கு மாறான நோக்கம், ஜெர்மனியின் ஆல்லே நகரை மையமாகக் கொண்டு வளர்ந்த ‘பியட்டிசம்’ என்னும் பக்தி இயக்கத்திலிருந்து வந்தது. சமயம் என்பது கோட்பாட்டை ஏற்பதோடு முடிவதில்லை, சாதாரண மனிதர் தாமே வேதத்தை வாசித்து அன்றாட நடத்தையைத் திருத்திக்கொள்வதே அதன் உயிர் என்று அவ்வியக்கத்தார் வலியுறுத்தினர்.

அவ்வியக்கத்தில் பயின்ற பர்த்தலோமேயு சீகன்பால்கு, டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, ஐன்றிக் புளுட்சோவுடன் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711இல் முடித்தார். லண்டனிலிருந்து அச்சுப்பொறியும் ஆல்லேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்து சேர்ந்தன. வந்த எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்து காகிதத்தை விழுங்கியதால் சிறிய எழுத்துகளை உள்ளூரிலேயே வார்க்க வேண்டியிருந்தது. புதிய ஏற்பாடு 1715இல் முழுமையாக அச்சேறியது. 1719இல் சீகன்பால்கு இறந்தபோது பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத்தின் சரித்திரம் வரை மட்டுமே வந்திருந்தது. பெஞ்சமின் சூல்ச் எஞ்சியதை முடித்து 1728க்குள் அச்சிட்டார்.

அச்சிட்ட நூல் இருந்தும் வாசிக்கத் தெரிந்தோர் மிகச் சிலரே என்பதால், அந்நூல் பெரும்பாலோரைக் காதின் வழியாகவே சென்றடைந்தது. தஞ்சை மன்னரின் படையில் வீரராக இருந்த கத்தோலிக்கரான இராசநாயக்கன், தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் பகுதியை வாசித்து அந்தச் சபையில் சேர்ந்து, பின்னர் உபதேசியாராகத் தஞ்சைப் பகுதியில் பணியாற்றியது இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். உபதேசியார் என்பவர், குருப்பட்டம் பெறாமல், ஊரில் தங்கி வேதத்தை வாசித்தும் விளக்கியும் சபையை நடத்தும் உள்ளூர்ப் பணியாளர். ஐரோப்பியப் போதகர்களின் பெயர்களே நூல்களில் பெரிதாக நிற்கின்றன என்றாலும், வேத வாசிப்பை அன்றாடப் பழக்கமாக்கிய வேலையின் பெரும்பங்கு உபதேசியார்களுடையதே என்பதில் ஐயமில்லை.

காதுக்குரிய தமிழை முதலில் தேடியவர் யோவான் பிலிப் பப்பிரிசியு. 1740இல் இந்தியாவுக்கு வந்து, சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் பணியாற்றிய அவர், பழைய மொழிபெயர்ப்பைச் சொல் சொல்லாகத் திருத்தினார். ஆங்கிலேயர் 1761இல் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது எடுத்து வந்த அச்சுப்பொறியே வேப்பேரி அச்சகத்துக்கு அடித்தளமாயிற்று. பப்பிரிசியுவின் வேதாகமம் லுத்தரன் சபையாரிடையே பொன்னைப் போல் போற்றப்பட்டது. ஒரு தலைமுறை அதைக் கேட்டுக் கேட்டே மனப்பாடமாக்கிக் கொண்டது.

திருநெல்வேலிச் சீமையில் இந்தப் பழக்கம் ஊர் வாழ்க்கையாகவே மாறியது. அங்கு 1799இல் முதலூர் என்னும் கிறிஸ்தவக் குடியிருப்பு தோன்றியது. 19ஆம் நூற்றாண்டில் மெய்ஞ்ஞானபுரம், நாசரேத், ஆசீர்வாதபுரம் முதலிய பெயர்களோடு ஊர்கள் எழுந்தன. வேதத்தில் கேட்ட ஊர்ப்பெயர் தேரிக்காட்டுப் பனைகளுக்கு நடுவே ஒரு கிராமத்தின் பெயராக நின்றது. மாலையில் கோயில் மணி அடித்ததும், பனையேறிவிட்டும் வயலிலிருந்தும் திரும்பியவர்கள் கூடி, உபதேசியார் வாசிப்பதைக் கேட்டு, அவர் சொல்லிக் கொடுத்த வசனத்தைத் திருப்பிச் சொன்னார்கள். எழுத்தறியாத முதியவர்களும் நீண்ட சங்கீதங்களைப் பிழையின்றிச் சொல்லும் ஆற்றல் பெற்றது இவ்வாறுதான். சங்கீதம் என்பது இங்கே இசையைக் குறிக்காமல், பழைய ஏற்பாட்டிலுள்ள 150 துதிப்பாடல்களின் தொகுப்பைக் குறிக்கும்.

வேதம் சமையலறையையும் விட்டு வைக்கவில்லை. ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுக்கும் ‘பிடி அரிசிக் காணிக்கை’ பெண்களின் பொறுப்பாக இருந்தது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகிய தசமபாகம், முதற்பலன், ஸ்தோத்திரப் பண்டிகையில் ஏலம் விடப்படும் காய்கனிகள், எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் அசனம் ஆகியவை பழைய ஏற்பாட்டுக் கட்டளைகளும் தமிழ் உழவரின் அறுவடை வழக்கங்களும் பிரித்தறிய முடியாதபடி கலந்தவை. பிள்ளைகளுக்கு இடப்பட்ட வேதநாயகம், வேதமாணிக்கம், வேதமுத்து முதலிய பெயர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்று, நூலையே பெயராக்கின. சாதி வேற்றுமை மட்டும் அந்த ஒரே பந்திக்கு வெளியேயும் சில இடங்களில் உள்ளேயும் விடாப்பிடியாகத் தங்கியது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

மனப்பாடமான வசனத்தை யாராவது திருத்த முற்பட்டால் எதிர்ப்பு எழுவது இயல்பே. பாளையங்கோட்டையில் 1820 முதல் பணியாற்றிய இரேனியு, எளிய நடையில் புதிய ஏற்பாட்டை மீண்டும் மொழிபெயர்த்தபோது, தஞ்சையில் வாழ்ந்த சுவிசேஷக் கவிராயர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) அதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். பழைய சபையார் பப்பிரிசியுவின் சொற்களில் செபித்து, பாடி, இறந்தவர்களை அடக்கம் செய்து வந்தவர்கள். ஆகவே சொல் மாறினால் செபமே மாறிவிடும் என்று அவர்கள் அஞ்சினர். புலமையுள்ளோர் பலர் இதை வெறும் பழமைப் பற்று என்று ஒதுக்குவதுண்டு. ஆனால் அன்றாட வாழ்வில் வேதம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதற்கு இந்தச் சண்டையைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

கடவுளைக் குறிக்கும் சொல்லே பலமுறை மாறியது. சீகன்பால்கு கத்தோலிக்கர் வழங்கிய ‘சருவேசுரன்’ என்பதை எடுத்தார். பப்பிரிசியு ‘பராபரன்’ என்றார். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல், சைவ அறிஞர் ஆறுமுக நாவலரின் துணையோடு உருவாக்கிய வேதாகமம் 1850இல் வெளிவந்தது. தமிழ் நடையில் அது சிறந்ததாயினும் சென்னைச் சபைகள் அதை ஏற்கவில்லை. பல சபைகளின் பிரதிநிதிகள் கூடி ஹென்றி பவர் தலைமையில் உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1871இல் முழுமையாக வந்தது. ‘தேவன்’, ‘கர்த்தர்’ என்னும் அதன் சொற்களே இன்றைய சீர்திருத்தச் சபையாரின் நாவில் நிற்பவை. ‘கடவுள்’ என்னும் சொல்லைக் கையாண்டு 20ஆம் நூற்றாண்டில் லார்சன், மோனகன் ஆகியோரின் உழைப்பால் வந்த திருத்திய மொழிபெயர்ப்பு அறிஞர்களின் பாராட்டைப் பெற்றும் வீடுகளுக்குள் நுழையவில்லை. ஒரு காலத்தில் புதுமையென்று சந்தேகிக்கப்பட்ட பவரின் நடை, அடுத்த திருத்தம் வந்தபோது தானே பழமையின் கோட்டையாகி நின்றது. கத்தோலிக்கரிடையே வேத வாசிப்பு பரவலானது இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்துக்குப் (1962–65) பிறகே. 1995இல் வெளியான ‘திருவிவிலியம்’ அவர்களுடைய வீட்டு நூலாயிற்று.

வீட்டில் வசனம் வாழ்ந்த முறைக்கு ‘குடும்ப ஜெபம்’ நடுவமாக இருந்தது. இரவு உணவுக்கு முன்போ பின்போ வீட்டார் பாயில் அமர்ந்து, ஒரு பாட்டுப் பாடி, ஓர் அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாக வாசித்து, முழங்காலிட்டு செபிப்பதே அதன் வடிவம். சிறுவர் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியதும் பெரும்பாலும் இந்தச் சுற்றில்தான். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. நாளொன்றுக்கு மூன்றும் ஞாயிறுதோறும் ஐந்துமாக வாசித்தால் ஓராண்டில் அது முடியும் என்ற கணக்கைப் பல குடும்பங்கள் ஒழுங்காகப் பின்பற்றின. நோயாளியின் அருகே 91ஆம் சங்கீதம், பயணம் புறப்படுகையில் 121ஆம் சங்கீதம், சாவு வீட்டில் 23ஆம் சங்கீதம் என்று சூழ்நிலைக்கேற்ற தெரிவு எழுதப்படாத சட்டமாக உருவாயிற்று. வாசற்படியில் ‘எபெனேசர்’ என்று பொறித்த வீடுகள் தென்மாவட்டங்களில் ஏராளம். வெற்றிக்குப் பின் சாமுவேல் நட்ட நினைவுக்கல்லின் பெயராகிய அது, இதுவரை உதவி கிடைத்தது என்னும் நன்றியைக் குறிக்கிறது. கடன் வாங்கிக் கட்டி முடித்த வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது.

ஒரு நாளுக்கு ஒரு வசனம் என்னும் வழக்கம் வேறொரு வேரிலிருந்தும் வந்தது. சாக்சனியில் எர்ன்கூட் என்ற சிற்றூரில் மொராவியச் சகோதரர்களுக்குப் புகலிடம் அளித்த சின்சென்டார்ஃப் பிரபு, 1728 மே மாதத்தில் மறுநாளுக்கென ஒரு சிறு வாசகத்தைச் சபையாரிடம் கொடுத்தார். அது அன்றாட வழக்கமாகி, வீடுவீடாகச் சொல்லப்பட்டு, 1731 முதல் ஆண்டு நூலாக அச்சிடப்பட்டது. வாசகங்கள் சீட்டுக் குலுக்கி எடுக்கப்பட்டன. அச்சகோதரர்கள் 1760இல் தரங்கம்பாடிக்கே வந்து குடியேறி, நூற்றாண்டின் இறுதிவரை நிலைக்க முயன்று, பின்னர் வெளியேறினர். அவர்களுக்கும் இன்றைய வாக்குத்தத்த அட்டைக்கும் நேர்க்கோடு வரைய இயலாது. ஆயினும் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில், தட்டிலிருந்து ஆளுக்கொரு அட்டையை எடுத்து, அதிலுள்ள வசனத்தை அந்த ஆண்டுக்கான தெய்வ வாக்காகக் கொள்ளும் தமிழ் வழக்கம் அதே மனப்போக்கைக் காட்டுகிறது. வாக்குத்தத்தம் என்பது கடவுள் தரும் உறுதிமொழி.

இந்த அட்டைகளில் அடிக்கடி இடம்பெறும் ஒன்று எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம். நல்ல எதிர்காலத்தை உறுதிசெய்யும் அது, பாபிலோனுக்குச் சிறைகொண்டு போகப்பட்டவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தைய வசனமோ விடுதலைக்கு எழுபது ஆண்டுகள் ஆகும் என்கிறது. அந்தப் பத்தாம் வசனம் அட்டையில் ஏறுவதில்லை. வேலைக்கும் தேர்வு முடிவுக்கும் பிள்ளையின் திருமணத்துக்கும் காத்திருப்பவர்களின் கைக்குப் பதினோராம் வசனம் மட்டும் தனியே வந்து சேர்கிறது. அட்டையின் வண்ணமும் வடிவமும் ஆண்டுதோறும் மாறினாலும், அதில் அச்சாகும் சொற்கள் பெரும்பாலும் 1871இல் பவரின் குழு தெரிந்தெடுத்தவையாகவே இருக்கின்றன.