கைபேசி விளையாட்டுச் சந்தையை அளத்தல்: தாம்பரம் மின்ரயில் தடத்திலிருந்து ஒரு வாதம்

கைபேசி விளையாட்டு உருவாக்க விரும்பும் மாணவர்கள் சந்தை ஆய்வு என்று பெரும்பாலும் செய்வது, பிளே ஸ்டோரில் ஒத்த விளையாட்டுகளைத் தேடிப் பதிவிறக்க எண்ணிக்கையையும் நட்சத்திர மதிப்பீட்டையும் அட்டவணையாக்குவதுதான். அந்த அட்டவணையை வைத்துப் புதியவருக்கு எஞ்சியிருக்கும் இடத்தைக் கணிக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிளே ஸ்டோரில் ‘1 கோடி+’ என்றிருந்தால் அடுத்த படி 5 கோடி. உண்மை எண் இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கும் இருக்கலாம். அது வெளியான நாள் முதல் சேர்ந்த தொகை. நிறுவிய மறுநாளே நீக்கியவரும் அதில் அடக்கம். இன்று எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்பது அதில் தெரியாது.

பணக் கணக்கில் பிழை இன்னும் பெரிது. இந்திய இணைய விளையாட்டு வருவாய் என்று பல ஆண்டுகள் எடுத்துக்காட்டப்பட்ட தொகையில் பெரும்பங்கு ரம்மி, போக்கர் போன்ற பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுடையது. நீதியரசர் கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் தமிழ்நாடு 2022-இல் தடைச் சட்டம் இயற்றியது. ரம்மியும் போக்கரும் திறன் ஆட்டங்கள் என்று கூறிச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அவற்றுக்கு விலக்களித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறன், அதிர்ஷ்டம் என்ற வேறுபாடின்றி இணையப் பண ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. ஆகவே பழைய மொத்தத் தொகையைக் காட்டி ஒரு புதிர் விளையாட்டுக்கு முதலீடு கேட்பது தவறு.

தரவரிசையும் அப்படித்தான். பப்ஜி இந்தியாவில் 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என வந்து, 2022 ஜூலையில் கடையிலிருந்து அகற்றப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது. அந்த இடைவெளிகளில் முன்னேறிய விளையாட்டுகளின் இடத்தை அவற்றின் தரத்துக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

பிறகு எதை ஆராய்வது? போட்டியாளர் கைவிட்டதை. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் கணினிக் கிரிக்கெட் வரிசை ‘கிரிக்கெட் 07’ உடன் நின்றது. ஆடும் ஆசை நிற்கவில்லை. சென்னையின் நெக்ஸ்ட் வேவ் மல்டிமீடியா ‘வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்’ வழியாக அந்த ஆசையைக் கைபேசியில் பிடித்தது. மும்பையின் நசாரா அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. நம் ஊரிலேயே இருக்கும் இந்தச் சான்றை மாணவர் திட்ட அறிக்கைகள் வெறும் பெயராகக் கடந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது.

இன்னொன்று நேரம். 1931 முதல் மின்ரயில் ஓடும் தாம்பரம்–கடற்கரைத் தடத்தில் குரோம்பேட்டையில் ஏறிக் கிண்டியில் இறங்குபவருக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் கிடைக்கிறது. ஒரு கை கம்பியில், மறு கை கைபேசியில், ஒலி அணைந்திருக்கும். பி.ஜி.எம்.ஐ.யில் ஒரு முழு ஆட்டம் அரை மணி நேரம் வரை நீளும். அவருக்கு அது உதவாது. பாதியில் விட்டாலும் இழப்பில்லாத, ஒரு கட்டைவிரலால் ஆடும் விளையாட்டே பொருந்தும். அங்கே அதன் போட்டியாளர் ரீல்ஸும் யூடியூபும். எந்த விளையாட்டுப் பட்டியலிலும் அவை வருவதில்லை.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் சுற்றியுள்ள கல்லூரிகளிலும் கணினித் துறை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விளையாட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருமுன், இரண்டு வாரம் காலை ரயிலில் பயணிகள் கைபேசியில் என்ன செய்கிறார்கள், எந்த நிலையத்தில் நிறுத்துகிறார்கள் என்று பெயரின்றிக் குறித்து வரச் சொல்லுங்கள்.