பனியன்: வணிகனிலிருந்து ஒன்றரை ஷிப்ட் வரை

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் யாரிடமாவது "பையன் என்ன பண்றானுங்க?" என்று கேட்டால், "பனியன் கம்பெனிக்குப் போறானுங்க" என்று பதில் வரும். அந்தக் கம்பெனியில் உள்ளாடையாக உடுத்தும் பனியன் ஒன்றுகூடத் தைக்காமல் இருக்கலாம். ஐரோப்பாவுக்குப் போகும் குழந்தைகளின் இரவு உடுப்போ, கழுத்துப் பட்டை வைத்த டி-ஷர்ட்டோ தைப்பார்கள். ஆனாலும் அது பனியன் கம்பெனிதான். பின்னிய பருத்தித் துணி எதுவானாலும் பனியன் துணிதான். அரசுக் காகிதத்தில் இந்தத் தொழிலுக்குப் பெயர் ஹோசியரி. மேடையிலும் செய்தித்தாளிலும் பின்னலாடை. மக்கள் வாயில் பனியன். இந்த மூன்றில் நெடுந்தூரம் சுற்றி வந்த சொல் பனியன்தான். முதலில் அது உடையின் பெயரே அல்ல, ஆளின் பெயர்.

குஜராத்தி மொழியில் 'வாணியோ' என்றால் வணிகர். அரபிக்கடல் துறைமுகங்களில் இந்த வணிகர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த போர்த்துக்கீசியர் அவர்களைப் 'பனியன்' என்றனர். வகரம் பகரமாயிற்று. பின்னால் வந்த ஆங்கிலேயரும் அப்படியே சொன்னார்கள். நம்முடைய வணிகன், வாணிகம் என்ற சொற்களும் இதே கொடியில் காய்த்தவைதான். அந்தக் கொடியின் வேர் வடமொழியிலா தமிழிலா என்று அறிஞர்களிடையே வழக்கு உண்டு. எப்படியானாலும் 'வாணிகம்' என்ற நம் சொல்லுக்குப் பனியன் உறவுக்காரன். தூரதேசம் போய் வேறு சட்டை மாட்டிக்கொண்டு வீடு திரும்பியதால் நமக்கு அடையாளம் தெரியவில்லை.

பாரசீக வளைகுடாவின் கோம்புரூன் துறைமுகத்தில் (இன்றைய பந்தர் அப்பாஸ்) இந்த வணிகர்கள் ஓர் ஆலமரத்தடியில் கூடுவார்கள். அதை வைத்து ஐரோப்பியர் மரத்துக்கே 'பனியன் மரம்' என்று பெயரிட்டார்கள். இன்றும் ஆங்கிலத்தில் ஆலமரத்துக்கு அந்தப் பெயர்தான். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் லண்டனில் வசதி படைத்த ஆண்கள் வீட்டில் உடுத்திய தளர்ந்த நீள அங்கிக்கும் அதே பெயர் வந்தது. இந்திய வணிகரின் உடுப்பைப் போல இருக்கிறது என்பது காரணம். அங்கி மெல்லச் சுருங்கி உள்சட்டை ஆனது. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, மெல்லிய மஸ்லின் உள்சட்டையாக இருந்தது இப்போது இழுத்தால் நெகிழும் பின்னல் துணி உள்ளாடைக்குப் பெயராகிவிட்டது என்று குறிக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

அந்தச் சொல்லுக்குக் கல்கத்தாவில் இன்னொரு பொருளும் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளைக்காரர்களுக்குக் கடன் கொடுத்து, சரக்கு பிடித்து, கணக்குப் பார்த்த உள்ளூர்த் தரகருக்கு அங்கே 'பனியன்' என்று பெயர். சென்னையில் துபாஷி செய்த வேலையைக் கல்கத்தாவில் பனியன் செய்தார். ஆக, பனியனும் கம்பெனியும் திருப்பூரில் சேர்வதற்கு நூறாண்டுக்கும் முன்பே வேறு பொருளில் சேர்ந்திருந்த சொற்கள். நம் பாட்டன்மார் 'கும்பினி' என்ற அதே கம்பெனிதான் 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு கொங்கு நாட்டைப் பிடித்தது. இன்று நாலு தையல் மெஷினோடு தகரக் கூரைக்குக் கீழே நடக்கும் இடத்துக்கும் பெயர் கம்பெனி.

கல்கத்தாக்காரர்களே இந்த உடையைப் பனியன் என்பதில்லை, கெஞ்சி என்கிறார்கள். பின்னலாடைக்குப் பேர்போன கெர்ன்சி தீவின் பெயர் திரிந்து வந்தது அது. பக்கத்துத் தீவான ஜெர்சியின் பெயர் நம் விளையாட்டு வீரர்களின் உடையில் ஏறியிருக்கிறது. கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் பெனியன்.

பனியன் இங்கே வருவதற்கு முன் கொங்கு நாட்டு ஆண்கள் பெரும்பாலும் வெற்று மேனியர். தோட்டத்தில் ஏர் ஓட்டுகிறவருக்குக் கோவணமும் தலைத்துண்டும் போதும். தோள்துண்டு தட்பவெப்பத்துக்காக மட்டும் போட்டதல்ல. அதை யார் தோளில் போடலாம், யாரைக் கண்டால் எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும் என்று ஊருக்கு எழுதாத சட்டம் இருந்தது. தமிழ்நாட்டின் வேறு பகுதிகளில் அது எழுதாத சட்டமாகக்கூட இல்லை. 1930இல் ராமநாதபுரம் பகுதியில் தாழ்த்தப்பட்டோர் இடுப்புக்கு மேலே துணி உடுத்தக்கூடாது என்று ஆதிக்கச் சாதியார் வெளிப்படையாகவே தடை விதித்ததை மானுடவியலாளர் ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். உழைக்கிறவன் உடம்பை மூடுவதே உரிமைப் பிரச்சினையாக இருந்த காலத்தில், மலிவாகக் கிடைத்த மேலாடை பனியன். நம் நாட்டு உடை வரலாற்றில் அதற்குக் கொடுத்த இடம் போதாது.

திருப்பூருக்கு அது 1920களில் வந்தது. பருத்திச் சந்தை, அரவை ஆலைகள், ரயில் எல்லாம் அங்கே முன்பே இருந்தன. அந்தப் பத்தாண்டில் திருப்பூர் வேறொரு துணிக்குத்தான் பெயர் பெற்றிருந்தது: கதர். அகில பாரத நூற்போர் சங்கத்தின் முக்கிய மையங்களில் ஒன்று அது. 1932 ஜனவரி 10ஆம் தேதி கொடி பிடித்துப் போனதற்காக அடிபட்டு, மறுநாள் குமரன் இறந்ததும் அங்கேதான். இராட்டை நூலின் ஊரிலேயே 1925 வாக்கில் குலாம் காதர் முதலானோர் பேபி நிட்டிங் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள் என்பது தொழிலின் வரலாறு. கல்கத்தாவில் பின்னல் மெஷினைப் பார்த்துவிட்டு வந்து தொடங்கியதாகச் சொல்வார்கள். கையால் சுற்றும் மெஷின் அது. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்தது. பஞ்சாலைகள் பெருகின, நூல் பக்கத்திலேயே கிடைத்தது.

கையில்லாத பழைய பனியனைத் தொழிலில் 'ஆர்.என்.' என்பார்கள், வட்டக் கழுத்துக்கான ஆங்கில எழுத்துகள். கை வைத்தது 'ஆர்.என்.எஸ்.'. ஒன்றை எடுத்துப் பக்கவாட்டில் தடவிப் பாருங்கள், தையலே இருக்காது. வட்டமாகச் சுழலும் நிட்டிங் மெஷினில் துணி குழாயாகவே இறங்குகிறது. மார்பளவுக்கு ஏற்ற விட்டத்தில் பின்னிவிட்டால் கழுத்தும் கைவளைவும் வெட்டி, தோளைச் சேர்த்து, ஓரம் கட்டினால் போதும். வெட்டி விழும் பிறைத் துண்டுகள்தான் 'பனியன் வேஸ்ட்'. தமிழ்நாடு முழுக்க மெக்கானிக் கடைகளில் கிரீஸ் துடைக்கிறது அது. வெள்ளைப் பனியனுக்குச் சாயம் வேண்டியதில்லை, வெளுத்தால் போதும். இதைச் சொல்லக் காரணம் உண்டு.

1978 வாக்கில் இத்தாலியிலிருந்து வாங்குபவர் ஒருவர் மும்பை ஏற்றுமதியாளர் வழியாகத் திருப்பூருக்கு வந்தார். கேட்டது வெள்ளை டி-ஷர்ட். உள்ளே போட்ட பனியன் வெளியே போடும் உடையாகிக் கப்பலேறியது. எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று 1974 முதல் கட்டிவைத்திருந்த கோட்டா முறைக்குள்ளேயே திருப்பூர் வளர்ந்தது. 2005இல் கோட்டா ஒழிந்தது. முதலாளிகளில் பலர் அதே மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள், அதற்கு முன் காட்டில் உழுதவர்கள். சரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வுநூல் இந்தக் கவுண்டர் முதலாளிகளைப் பற்றியதுதான். எப்படி முன்னேறினீர்கள் என்று கேட்டால் அவர்கள் சொன்ன பதில் 'உழைப்பு'. அதில் பொய்யில்லை. ஆனால் காணி நிலமும் சொந்தபந்தத்தின் முதலும் இருந்தவரின் உழைப்புக்குக் கிடைத்த பலன், பண்ணையாளாக இருந்தவரின் உழைப்புக்குக் கிடைக்கவில்லை.

வெளிநாடு வெள்ளையோடு நிற்கவில்லை, நிறம் கேட்டது. நிறம் வந்ததும் சாயப்பட்டறை வந்தது. வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவை, திருப்பூரைக் கடந்து காவிரியில் சேரும் நொய்யலில் சாய நீர் ஓடியது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமானது. கீழ்ப்பகுதி விவசாயிகள் வழக்காடினார்கள். கழிவு ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நடக்கவில்லை. 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆற்றைக் காப்பாற்ற வந்த தீர்ப்பால் வேலையிழந்தவர், ஆற்றைக் கெடுத்து லாபம் பார்த்தவர் அல்ல, வாரச் சம்பளக்காரர். இரண்டு அநீதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கம்பெனிக்குள் புழங்கும் சொற்களில்தான் தொழிலாளியின் சரித்திரம் இருக்கிறது. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று தைத்த துணியை வாங்கி மடித்து அடுக்கும் உதவியாள் 'கைமடி'. ஒரு காலத்தில் கைமடிகளில் பலர் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் பிறகும் அவர்களை வெளியே கொண்டுவரப் பல வருடங்கள் போராட வேண்டியிருந்தது. 'பஞ்சப்படி' இன்னொரு சொல். விலைவாசிக்கு ஈடாகத் தரும் படிக்குப் பஞ்சத்தின் பெயரை வைத்தவர்கள் பட்டினியை அறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். 1984இல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது இந்தப் பஞ்சப்படிக்காக.

எல்லாவற்றிலும் நான் கவனிக்கச் சொல்வது 'ஒன்றரை ஷிப்ட்'. காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்து மாலை ஐந்தரைக்கு எழுந்தால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை, ஒன்பது வரை இருந்தால் ஒன்றரை. கப்பலுக்குச் சரக்கு அவசரம் என்றால் அதற்கும் மேல். சனிக்கிழமை சம்பளக் கணக்கு போடும்போது இத்தனை ஷிப்ட் என்றுதான் எண்ணுவார்கள். கேட்க நியாயமாகவே இருக்கிறது, ஒன்றரை மடங்கு நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி. ஆனால் 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் அப்படியொரு சொல் இருந்ததில்லை. அதில் இருந்தது ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் போனால் மிகைநேரம், மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. 'ஒன்றரை ஷிப்ட்' என்ற சொல் நாக்கில் ஏறியதும் 'மிகைநேரம்' மறைந்துபோகிறது, அதோடு சேர்ந்து இரட்டிப்பும்.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்தம் நிறைவேறியபோது மாநிலமே எதிர்த்தது. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சரியான முடிவு. ஆனால் அன்றும் பனியன் கம்பெனிகளில் எட்டரை முதல் எட்டரை வரை மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை யாரும் 12 மணி நேரம் என்று சொல்லவில்லை, ஒன்றரை ஷிப்ட் என்றார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் மிகைநேரத்துக்கு இரட்டிப்பு என்ற விதி அப்படியே இருக்கிறது.

வீட்டில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர் இருந்தால் இந்த வாரம் அவர் எத்தனை ஷிப்ட் என்று கேட்காதீர்கள், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். 48க்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் அவருக்குச் சேர வேண்டியது இரட்டைச் சம்பளம்.