ஓடி முடித்தவரிடம் இன்னும் என்ன பாக்கி?

2017இல் சுசந்திகா ஜயசிங்க தன் ஒலிம்பிக் பதக்கத்தை ஏலத்தில் விற்கப்போவதாக அறிவித்தார். விளையாட்டுத்துறை அமைச்சிடமிருந்து வந்துகொண்டிருந்த மாதக் கொடுப்பனவு நின்றுபோனதே காரணம் என்றார். இப்படி ஒரு செய்தி வந்தால் நம்ம ஊரில் வழக்கமா ஒரு கேள்வியும் கூடவே வரும்: "சரி, ஓய்வுக்குப் பிறகு இவங்க விளையாட்டுக்கு என்ன செய்தாங்க?"

முதல்ல அவர் ஏற்கெனவே என்ன செய்தார் என்று பார்ப்போம். கேகாலை மாவட்டத்தின் அத்னாவல கிராமத்தில் ஒரு ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1997இல் ஏதென்ஸ் உலகச் சம்பியன்ஷிப்பில் 200 மீற்றரில் வெள்ளி. 2000இல் சிட்னியில் 22.28 செக்கனில் ஓடி வெண்கலம். 1948இல் டங்கன் வைட் வெள்ளி வென்ற பிறகு, 52 வருஷமா இலங்கைக்கு ஒலிம்பிக் பதக்கமே இல்லை. 2007இல் ஒசாகாவில், 31 வயதில், மறுபடியும் உலகச் சம்பியன்ஷிப் வெண்கலம். இதற்கு மேல ஒரு உடம்பு என்ன கடன் அடைக்கணும்?

"பழக்கி விடலாமே" என்பாங்க. பழக்குவது ஒரு தொழில். அதற்கு நியமனம், சம்பளம், மைதானம் எல்லாம் வேண்டும். மாதக் கொடுப்பனவு நன்றிக்காக என்றால் அதற்குக் கணக்குக் கேட்கக் கூடாது. வேலைக்காக என்றால், என்ன வேலை என்று எழுதிக் கொடுக்கணும். இரண்டையும் குழப்பினால் கடைசியில் அவமானப்படுவது வீரர்தான்.

முரளிதரன் விஷயத்திலும் இதே குழப்பம். 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டோடு டெஸ்டிலிருந்து விலகினார். 2016இல் அவுஸ்திரேலிய அணி இங்கே விளையாட வந்தபோது அதன் சுழற்பந்து ஆலோசகராக இருந்தார். பெரிய சர்ச்சையாச்சு. ஆனால் ஓய்வு பெற்ற ஒருவரின் அறிவு அவருடையது. அது வேணும் என்றால் முறையா கூப்பிடுவது கிரிக்கெட் சபையின் பொறுப்பு.

அப்ப எந்தக் கடனுமே இல்லையா? ஒன்று இருக்கு: உண்மை. சிட்னியில் 200 மீற்றர் தங்கம் வென்ற மரியன் ஜோன்ஸ், ஊக்கமருந்து எடுத்ததை 2007 ஒக்டோபரில்தான் ஒப்புக்கொண்டார். அதோடு ஓய்வையும் அறிவித்தார். ஏழு வருஷம் தாமதம். அவருடைய பதக்கம் பறிக்கப்பட்டது. 2009இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக மாறியது. ஆனால் சிட்னி மேடையில் இரண்டாவது படியில் நிற்கும் அந்த நிமிஷத்தை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியல. தான் எப்படி ஜெயித்தேன் என்பதை மறைக்காமல் சொல்வது, ஓய்வு பெற்றாலும் தீராத கடன்.

இதில் நமக்கு என்ன? எட்டியாந்தோட்டை, தெரணியகல பக்கத்து இறப்பர் தோட்டங்களில் நல்லா ஓடும் பிள்ளைகள் இருக்காங்க. சுசந்திகாவின் அதே மாவட்டம்தான். அந்தப் பிள்ளைக்குப் பயிற்சியாளர் இல்லை என்றால், அந்தக் கணக்கை ஓய்வு பெற்ற ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் வைக்காதீங்க. அது மாகாண சபைக்கும் விளையாட்டுத்துறை அமைச்சுக்கும் போக வேண்டிய கணக்கு. அவரா வந்து ஒரு நாள் பழக்கினால் சந்தோஷம், நன்றி சொல்லுவோம். வரவில்லை என்றாலும் அவர் நமக்குக் கடன்காரர் இல்லை.