ஸ்கோர் போர்டில் ஏறாத ஒருவர்

போரைக் கிண்டல் செய்யும் படங்களில் எதைப் பார்ப்பது என்று மாணவத் தோழர்கள் கேட்டால், 1969இல் வந்த 'ஓ! வாட் எ லவ்லி வார்' படத்தைத்தான் முதலில் சொல்வேன். பின்னாளில் 'காந்தி' எடுத்த ரிச்சர்ட் அட்டன்பரோ இயக்கிய முதல் படம். (இரண்டில் இதுவே நேர்மையான படம் என்பது என் கட்சி.) ஜோன் லிட்டில்வுட்டின் குழு கிழக்கு லண்டனில் 1963இல் போட்ட நாடகம்தான் இதற்கு மூலம். ஆயுத வியாபாரிகள் பறவை வேட்டைக்குப் போன இடத்தில், எங்கே சமாதானம் வந்து தொலைத்துவிடுமோ என்று கவலைப்படும் காட்சி அந்த நாடகத்தில் உண்டு.

படத்தில் முதல் உலகப் போர், பிரைட்டன் நகரில் கடலுக்குள் நீளும் கேளிக்கைப் பாலத்தில் நடக்கிறது. தளபதி ஹெய்க் வாசலில் உட்கார்ந்து டிக்கெட் விற்கிறார். பாட்டுக் கச்சேரி மேடையில் ஒரு அழகி இளைஞர்களைப் பட்டாளத்துக்குக் கூப்பிடுகிறாள். ஆசையோடு ஏறியவன் கிட்டத்தில் பார்த்தால் முகமெல்லாம் அப்பிய சாயம். அதற்குள் அவன் பட்டாளத்தான் ஆகிவிட்டான். கிரிக்கெட் ஸ்கோர் போர்டு மாதிரி ஒரு பலகையும் உண்டு: இழப்பு இத்தனை ஆயிரம், பிடித்த நிலம் பூஜ்யம். இதைப் பெரிய மிகை என்று சொல்லிவிட முடியாது. 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் படையின் இழப்பு 57,470 பேர். அதில் செத்தவர்கள் 19,240.

இரண்டாம் முறை பார்த்தபோது என்னை உறுத்தியது வேறு. அந்தப் பாலத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் ராயல் பெவிலியன் அரண்மனை இருக்கிறது. 1914 டிசம்பரிலிருந்து ஓராண்டுக்கு மேல் அதுதான் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களின் ஆஸ்பத்திரி. சாதி, மத ஆசாரம் கெடக்கூடாது என்று ஒன்பது சமையல்கட்டுகள். இந்துக்களுக்கு ஒரு தண்ணீர்க் குழாய், முஸ்லிம்களுக்கு ஒன்று. ராணுவமே சாதியைக் கப்பலேற்றிக் கொண்டுபோய், செலவு செய்து காப்பாற்றியது. இதைவிடப் பெரிய கேலிக்கூத்தை எந்த இயக்குநர் எழுதிவிட முடியும்? ஆனால் ஸ்மித் என்ற வெள்ளைக்காரக் குடும்பத்துப் பையன்களின் சாவைச் சொல்லும் இந்தப் படத்தில் அந்த அரண்மனைக்கு இடமில்லை.

அதே தென் இங்கிலாந்தில் பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற ஊரிலும் இந்தியச் சிப்பாய்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே துப்புரவுப் பணி செய்தவர் சுகா. தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதி. 1915 ஜனவரியில் முப்பது வயதில் இறந்துபோனார். அவரை எரிக்க இந்துக்கள் முன்வரவில்லை என்றும், முஸ்லிம் அல்லாததால் வோக்கிங் மசூதித் தரப்பிலும் இடம் கிடைக்கவில்லை என்றும் சொல்லப்படுகிறது. கடைசியில் ஊர்ப் பாதிரியார் தேவாலயத் தோட்டத்தில் இடம் கொடுத்தார். சுகாவின் கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது. கல்லில் அவருடைய பெயரும், பரேலி என்ற சொந்த ஊரும் செதுக்கியிருக்கிறது. அவர் கிறிஸ்தவர் அல்ல என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.